அந்தக் கொப்பியைப் பற்றி எழுதுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 28 வயது. சொந்த இடம் மஸ்கெலியா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழிமூலம் அரசியல் விஞ்ஞானம் சிறப்புப் பட்டம் படித்தேன். இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு. மூன்றரை வருடங்களாகக் கொழும்பில் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களின் முறைப்பாடுகளை எழுதிக்கொடுத்து, அவர்களோடு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்குப் போய்வருவதுதான் என் பணி. வெளிநாட்டில் மனித உரிமைகளில் முதுமாணி படிக்க ஆசை. முழுச் செலவையும் தரும் புலமைப்பரிசில்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா? சட்டம் படிக்காத எனக்கு இடம் கிடைக்குமா? வெள்ளவத்தையில் ஒருவர் ஒன்றரை இலட்சம் ரூபா கொடுத்தால் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாக உத்தரவாதம் சொல்கிறார். கொடுக்கலாமா? நான் போய்விட்டால் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் நின்றுவிடுமே என்பதும் என் கவலை. நான் எழுதிய விண்ணப்பக் கட்டுரையின் முதல் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஒன்றரை இலட்சம். கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்று ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். நான் கீழே சொல்லப்போகும் பெரிய புலமைப்பரிசில்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் வெள்ளவத்தைக்காரர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உத்தரவாதம் தருகிறவர் செய்யக்கூடியது இரண்டுதான். உங்களுக்காக ஒரு கட்டுரையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார், அல்லது இல்லாத அனுபவத்துக்குக் கடிதம் தயாரிப்பார். இரண்டுமே உங்கள் பெயரில்தான் போகும். பிரித்தானிய விசா விதிகளின்படி பொய் ஆவணம் கொடுத்தது கண்டுபிடிக்கப்பட்டால் பத்து வருடம் வரை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படலாம். 28 வயதில் அதை ஏற்றுக்கொள்ள முடியாது. பணம் போவதை விட எனக்கு அதுதான் பயம்.

அடுத்தது, முழுப் புலமைப்பரிசில்கள் இருக்கின்றனவா என்ற கேள்வி. இருக்கின்றன. ஆனால் ‘முழு’ என்ற சொல்லை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கல்விக் கட்டணம், தங்கிச் சாப்பிடுவதற்கான மாதாந்தக் கொடுப்பனவு, விமான டிக்கெட், விசா, மருத்துவக் காப்புறுதி ஆகிய ஐந்தும் இருந்தால்தான் முழு. நெதர்லாந்து ஒரு புலமைப்பரிசில் தருகிறது, தொகை 5,000 யூரோ. எங்கள் ரூபாவில் பார்த்தால் பெரிய காசாகத் தெரியும். அங்கே ஒரு வருடக் கல்விக் கட்டணத்துக்கே அது காணாது. ‘நெதர்லாந்தில் ஸ்கொலர்ஷிப் கிடைத்தது’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மீதிப் பணத்துக்குக் காணியை ஈடு வைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இலங்கையர்களுக்கு இந்த ஐந்தையும் அல்லது அவற்றில் பெரும்பாலானவற்றையும் தருவதில் முன்னால் நிற்பவை பிரித்தானிய அரசின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள், அவுஸ்திரேலியா அவார்ட்ஸ், அமெரிக்காவின் புல்பிரைட், சுவீடன் நிறுவனம் (Swedish Institute) என்ற அரச அமைப்பின் புலமைப்பரிசில், ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசில் ஆகியவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸும் இந்த வரிசையில் சேரும், ஆனால் அதன் கணக்கு வேறு மாதிரி. பிறகு சொல்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

உங்கள் இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவை அல்லது அதற்கு மேலானதைக் கேட்கின்றன. கீழ்ப்பிரிவு என்றால் அதற்கு மேல் ஒரு பட்டப்பின் தகுதியும் வேண்டும். ஆகவே இப்போதைக்கு அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். செவனிங்கும் வழக்கமாக மேற்பிரிவுக்குச் சமமான பட்டத்தைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் அங்கே உங்களைச் சேர்த்துக்கொள்வதா என்று கடைசியில் முடிவு செய்வது பல்கலைக்கழகம். பெறுபேற்றை மட்டும் பார்க்காமல் வேலை அனுபவத்தையும் நிறுத்துப் பார்க்கும் துறைகள் உண்டு, மனித உரிமைகள் கற்பிக்கும் துறைகளில் இது இன்னும் அதிகம். விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்தத் துறையின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, பெறுபேற்றையும் மூன்றரை வருட வேலையையும் ஒரு பந்தியில் சொல்லி, பரிசீலிப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். பதில் வரும். வராத இடத்தை விட்டுவிடுங்கள்.

சட்டம் படிக்காதது குறையே அல்ல. இந்தத் துறையில் இரண்டு வகை முதுமாணிகள் இருக்கின்றன. ஒன்று சட்ட முதுமாணி. அதற்குப் பெரும்பாலும் சட்டமாணிப் பட்டம் வேண்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ராவுல் வாலன்பெர்க் நிறுவனத்தின் பங்களிப்போடு நடக்கும் சர்வதேச மனித உரிமைச் சட்டப் படிப்பு அந்த வகை. மற்றது அரசியல், சமூகவியல், வரலாறு, கல்வி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சேரக்கூடிய முதுமாணி. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் நிலையம் 1982 இல் தொடங்கப்பட்டது. அங்கே இரண்டு வகையும் உண்டு. யோர்க் பல்கலைக்கழகத்தில் பிரயோக மனித உரிமைகள் என்ற படிப்பு இருக்கிறது. களத்தில் வேலை செய்தவர்களுக்காகவே வடிவமைத்தது போல இருக்கும். லண்டனில் எல்.எஸ்.ஈ. (லண்டன் பொருளியல் பள்ளி), யு.சி.எல். (லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி) இரண்டிலும் சட்டம் படிக்காதவர்களுக்கான மனித உரிமைப் படிப்புகள் உள்ளன. செவனிங் விண்ணப்பத்தில் மூன்று படிப்புகளைக் குறிப்பிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோர்க்கையும் எசெக்ஸையும் முதலில் வைப்பேன். ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ஒக்ஸ்போர்டின் சர்வதேச மனித உரிமைச் சட்டப் படிப்பின் பெயர் எல்லாரையும் இழுக்கும். அது பகுதிநேரப் படிப்பு. செவனிங் முழுநேரப் படிப்புகளுக்கு மட்டுமே பணம் தரும். அதை எழுதிவிட்டு ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அவர்கள் அதை 2,800 மணித்தியாலம் என்று கணக்கிடுகிறார்கள். உங்களிடம் தாராளமாக இருக்கிறது. சுவீடன் நிறுவனம் 3,000 மணித்தியாலம் கேட்கும், அதுவும் உங்களிடம் உண்டு. அதன் தகுதி நாடுகளின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்த வருட அறிவிப்பில் இலங்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். சுவீடனில் முதலில் பல்கலைக்கழகத்துக்கு ஜனவரி நடுப்பகுதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு 900 குரோனர் கட்டணம் உண்டு. புலமைப்பரிசிலுக்கான விண்ணப்பம் அதற்குப் பிறகு பெப்ரவரி அளவில் வரும். பெப்ரவரியில் விழித்தெழுந்து பல்கலைக்கழகத்தைத் தேடினால் வண்டி போயிருக்கும்.

ரோட்டரியின் புலமைப்பரிசிலையும் தள்ளி வைக்காதீர்கள். அது சமாதானமும் முரண்பாடும் பற்றிய படிப்புக்கு, சுவீடனின் உப்சலா, இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட், அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து போன்ற இடங்களில். மூன்று வருட முழுநேர அனுபவம் கேட்பார்கள். பெயரில் மனித உரிமை இல்லை என்பதால் எங்கள் பிள்ளைகள் அதைக் கவனிப்பதே இல்லை. அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் பெப்ரவரி தொடக்கத்தில் திறந்து ஏப்ரல் கடைசியில் மூடும். செவனிங்கில் தவறினால் அடுத்த நம்பிக்கை அங்கே.

எராஸ்மஸ் முண்டஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகம் முன்னின்று, ஸ்பெயினின் டெயுஸ்டோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் மனித உரிமைக் கொள்கையும் நடைமுறையும் என்ற இரண்டு வருடக் கூட்டுப் படிப்பு உங்கள் வேலைக்கு மிகவும் நெருக்கமானது. எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கிடைக்கும். ஆனால் டிக்கெட்டும் விசாவும் அந்த 1,400க்குள்தான். முதல் மாதப் பணம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே வரும். ஆகவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் வரையான செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். இது தெரியாமல் கடைசி வாரத்தில் கடன் கேட்டு அலைந்த ஒரு தம்பியை நான் பார்த்திருக்கிறேன். செவனிங்கில் டிக்கெட்டும் விசாவும் அவர்கள் பொறுப்பு. உங்கள் செலவு ஆங்கிலப் பரீட்சையும் கடவுச்சீட்டும் சில்லறைச் செலவுகளும்தான். பிரித்தானியாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்கள்.

கொஞ்சம் கிட்டவும் பார்ப்போம். தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் 1998 முதல் மனித உரிமை முதுமாணி நடக்கிறது. அங்கிருந்து நடத்தப்படும் ஆசிய பசுபிக் கூட்டுப் படிப்பில் கொழும்புப் பல்கலைக்கழகமும் ஒரு பங்காளி. புலமைப்பரிசில் எவ்வளவு கிடைக்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஆனால் நேபாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வருகிறவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, வீட்டுத் தொழிலாளர் பிரச்சினையை ஆசியக் கண்ணால் பார்ப்பது லண்டனில் கிடைக்காத ஒன்று. அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

இனி நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பதில் முழுவதையும் நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உங்கள் கட்டுரை இப்படித் தொடங்குகிறது: ‘சிறுவயதிலிருந்தே அநீதிக்கு எதிராகக் குரல் கொடுக்க வேண்டும் என்ற தணியாத தாகம் எனக்குள் இருந்தது.’ அதன் பிறகு 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், அதன் 30 உறுப்புரைகள், பெண் தலைமைத்துவம், ஒரு மேற்கோள். இதை வாசித்தால் உங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவரவில்லை. அதே மின்னஞ்சலில், கட்டுரைக்கு வெளியே, எனக்கு விளக்கம் சொல்வதற்காகப் போகிறபோக்கில் ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மாதச் சம்பளம் கொடுக்கப்படாத ஓர் அக்கா. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. திணைக்களத்தில் சான்று கேட்டார்கள். நீங்கள் லீவு போட்டு அவருடைய ஊருக்குப் போய், அவருடைய அம்மா அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்த கணக்கைக் கண்டுபிடித்தீர்கள். மகள் அனுப்பிய பணம், மாதம், தொகை, யார் கையில் வந்தது, அன்றைக்கு வாங்கிய மாவும் மண்ணெண்ணெயும். ஐந்து வருடம் ஒரு மாதம் தவறாமல் எழுதப்பட்டு வந்து, ஒரு மாதத்தோடு அந்தப் பக்கம் வெறுமையாகிவிடுகிறது. அந்த வெறும் பக்கத்தைத்தான் நீங்கள் ஆறாவது தடவை திணைக்களத்துக்குப் போனபோது மேசையில் விரித்து வைத்தீர்கள்.

தங்கச்சி, அதுதான் உங்கள் கட்டுரை. வேறொன்றும் தேட வேண்டாம். சம்பளச் சீட்டே இல்லாத ஒரு தொழிலில், சான்று எங்கே இருக்கும் என்று யோசித்து, மலையேறிப் போய் எடுத்து வந்திருக்கிறீர்கள். தலைமைத்துவம் என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்பது இதைத்தான். கூட்டத்தில் மைக் பிடித்ததை யாரும் கேட்கவில்லை.

அதை எப்படி எழுதுவது என்பதில் மூன்று விடயங்கள் சொல்ல வேண்டும்.

ஒன்று, நாங்கள் தமிழில் ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள். வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். ‘நாங்கள் போனோம், நாங்கள் கொடுத்தோம்’ என்றே வாயில் வரும், நீங்கள் எனக்கு எழுதிய அந்த ஆறு வரியும் ‘நாங்கள்’தான். தெரிவுக் குழுவுக்கு அது ஒரு சுவர் போல நிற்கும். யார் போனது? அமைப்பா, நீங்களா? கொப்பியைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? உங்களுக்கென்றால் ‘எனக்கு’ என்று எழுதுங்கள். உங்கள் மேலதிகாரி திணைக்களத்தில் சிங்களத்தில் பேசி உதவியிருந்தால் அதையும் அவர் பெயரில் எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி பிரித்துச் சொல்வதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. செவனிங் நேர்முகத் தேர்வுக்கு வந்த எத்தனையோ நல்ல பிள்ளைகள் இந்த ‘நாங்கள்’ என்பதற்குள்ளேயே மறைந்து போயிருக்கிறார்கள்.

இரண்டு, அந்த அக்காவைக் காப்பாற்றி எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மின்னஞ்சலில் அவருடைய பெயர், அவருடைய தோட்டத்தின் பெயர், அவர் வேலை செய்த வீதி எல்லாம் இருந்தன. எனக்குக்கூட அவற்றை அனுப்பியிருக்கக் கூடாது. நான் அழித்துவிட்டேன். மனித உரிமை வேலையின் முதல் பாடமே, நம்மிடம் வந்து சொன்னவரின் கதை அவருடையது என்பதுதான். உங்கள் புலமைப்பரிசிலுக்காக அவருடைய துன்பத்தைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றாலும் ஊர், வீதி, பெயர், வயது எதுவும் வேண்டாம். ‘மலையகத்திலிருந்து வந்த ஒரு வீட்டுத் தொழிலாளி’ என்றால் போதும். அவர் அழுததை விவரிக்க வேண்டாம். கொப்பியை விவரியுங்கள். தெரிவுக் குழுவில் இருப்பவர்களில் இந்தத் துறை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அடையாளத்தை நீங்கள் எவ்வளவு கவனமாக மறைத்திருக்கிறீர்கள் என்பதே அவருக்கு உங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

மூன்று, அந்தக் கொப்பியிலிருந்து ஒரு கேள்விக்குப் போங்கள். ‘மனித உரிமைகளைக் கற்று நாட்டுக்குச் சேவை செய்வேன்’ என்பது கேள்வி அல்ல. எங்கள் அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொண்டுபோகலாம், ஒரு மாதத்துக்குள். ஆனால் அது நிறைவேற்றுத்துறையும் நிருவாகத்துறையும் செய்யும் மீறல்களுக்கு எதிராக. கொழும்பில் ஒரு வீட்டுக் கதவுக்கு உள்ளே ஒரு பெண்ணின் சம்பளம் மறுக்கப்பட்டால் அந்த உறுப்புரை அந்தக் கதவு வரைக்கும்தான் வரும். வீட்டுப் பணியாளர் பற்றி இந்த நாட்டில் இருக்கும் தனிச் சட்டம் 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது வேலைக்காரர்களைப் பதிவு செய்து வைப்பதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் எழுதப்பட்டது. அவர்களுடைய உரிமையைக் காப்பதற்காக எழுதப்பட்டதல்ல. சர்வதேச தொழில் தாபனமோ 2011 இல் வீட்டுத் தொழிலாளருக்கென்றே 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. 1871க்கும் 2011க்கும் நடுவில் நின்றுகொண்டு, எழுத்தில் எந்தச் சான்றும் இல்லாத தொழிலாளி தன் உழைப்பை எப்படி நிரூபிப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். மற்ற நாடுகள் இதற்கு என்ன வழி கண்டன, இங்கே எது சரிவரும் என்று படிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்து, தொழிலாளிகளே தமிழிலும் சிங்களத்திலும் வைத்திருக்கக்கூடிய ஒரு சம்பளக் கொப்பியை உருவாக்கி, அதைத் தொழில் நியாய சபையில் சான்றாக ஏற்கச் செய்ய வேலை செய்வேன் என்று எழுதுங்கள். அது உங்கள் மனத்தில் இருக்கும் திட்டமாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் உங்களுடையதை எழுதுங்கள். ஆனால் இந்த அளவுக்குக் கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

எனக்கும் இதே தவறு நடந்தது. முதல் தடவை விண்ணப்பித்தபோது நான் பிரகடனத்தைப் பற்றித்தான் எழுதினேன், கிடைக்கவில்லை. அடுத்த வருடம், புதுக்கடை நீதிமன்றத்தில் நான் கண்ட ஓர் இளைஞனைப் பற்றி எழுதினேன். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த வாக்குமூலம் சான்றாகச் செல்லும். அவன் கையெழுத்தைத் தமிழில் போட்டிருந்தான், மேலே இருந்த நான்கு பக்கமும் சிங்களம். அதை மட்டுமே எழுதினேன். நேர்முகத்தில் நாற்பது நிமிடமும் அந்தக் கையெழுத்தைப் பற்றியே கேட்டார்கள்.

தமிழ் மொழிமூலம் படித்ததைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஆங்கிலத்துக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, அதில் புள்ளி எடுத்தால் போதும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற அந்தப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம் செல்லுபடியாகும். அவுஸ்திரேலியா அவார்ட்ஸுக்கு மொத்தம் 6.5, ஒவ்வொரு பகுதியிலும் 6க்குக் குறையாமல் வேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் சில 7 கேட்கும். வாசிப்பும் கேட்டலும் எங்கள் பிள்ளைகளுக்கு வந்துவிடும், எழுத்தில்தான் விழுகிறார்கள். அதற்கு வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். தினமும் அலுவலகத்தில் தமிழில் எழுதும் முறைப்பாட்டுக் குறிப்பில் ஒன்றை, பெயர்களை எடுத்துவிட்டு, இரவில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். என்ன நடந்தது, எப்போது, அதனால் என்ன பாதிப்பு, என்ன பரிகாரம் கேட்கிறோம். நாலு பந்தி. மூன்று மாதம் செய்தால் பரீட்சைக்கும் உதவும், கட்டுரைக்கும் உதவும். முதுமாணி வகுப்பில் முதல் ஒப்படையை எழுதும்போதும் அந்தக் கை உங்களைக் காப்பாற்றும்.

ஆவணங்களில் ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள், உங்கள் பெயர். மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இது தலையிடி என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் கேட்டபடி ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். விண்ணப்பத்தை எப்போதும் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். மற்றவற்றில் வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டிய நிலை என்றால் அது மாதக்கணக்கில் இழுக்கும். புலமைப்பரிசில் கடிதம் கிடைத்த பிறகு அதற்கு ஓட முடியாது.

பரிந்துரைக்கு ஆள் தேடும்போது பெரிய பெயரைத் தேடாதீர்கள். உங்களை ஒரு மேடையில் கண்ட பேராசிரியரின் இரண்டு வரியை விட, உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திய விரிவுரையாளரின் ஒரு பக்கம் கனமானது. பேராதனைக்கு ஒரு நாள் போய் நேரில் பாருங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த வருடம், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள், ஞாபகப்படுத்துவது உங்கள் கடமை. இரண்டாவது பரிந்துரையாளர் உங்கள் அமைப்பின் பொறுப்பாளராக இருக்கட்டும்.

செவனிங் ஓகஸ்டில் திறக்கும். ஒக்டோபர் தொடக்கத்திலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடும், வருடத்துக்கு வருடம் மாறும். நேர்முகம் அடுத்த வருட முற்பகுதியில். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் ஜூலைக்குள் கையில் இருக்க வேண்டும். முடிவு வரட்டும், பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

படித்து முடித்தால் இரண்டு வருடத்துக்குத் திரும்பி வந்து இங்கே இருக்க வேண்டும் என்பது செவனிங்கின் நிபந்தனை. புல்பிரைட்டும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவோ இரண்டு வருடம் அந்த நாட்டுக்கு வெளியே இருக்கச் சொல்லும். இதை நிறையப் பேர் தண்டனை போலப் பார்க்கிறார்கள். அங்கேயே நின்றுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் இந்தப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்காதீர்கள். எராஸ்மஸில் அந்த நிபந்தனை இல்லை, அதற்குப் போங்கள். உங்கள் கடிதத்தை வாசித்தால் நீங்கள் திரும்பி வருகிற ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசியாக அம்மா. நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாலும் இதுதான் உங்களை இரவில் தூங்கவிடாத விடயம் என்று எனக்குத் தெரிகிறது. புலமைப்பரிசில் கொடுப்பனவு ஒருவர் சிக்கனமாக வாழக் கணக்கிடப்பட்டது. அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். பிரித்தானிய மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஒரு வருட முதுமாணியில் வாசித்து முடிக்க வேண்டியதைப் பார்த்தால் அது ஏட்டில்தான் இருக்கும். ஆகவே போகும் முன்னரே பன்னிரண்டு மாதத்துக்கான ஏற்பாடு வேண்டும். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து புறப்படும் நாள் வரை ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் மாதம் அனுப்புவதில் கால்வாசியாவது அம்மாவின் பெயரிலேயே ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். ஹட்டனில் வேலை செய்யும் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவரோடு இப்போதே, கடிதம் வரும் முன்பே பேசுங்கள். எவ்வளவு, எந்தத் திகதியில், எத்தனை மாதம் என்று தொகையாகப் பேசுங்கள். பேசியதை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

முதல் பக்கத்தைத் திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ‘தணியாத தாகம்’ இல்லாமல், ‘நான்’ என்று தொடங்கி, அந்த அக்காவின் பெயர் இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் அக்கா